மொட்டை மாடிக்கு வழி

"நீ பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் நிற்கிறாய். மணி எட்டு ஒன்று. வாசல் பூட்டியிருக்கிறது. சுவரில் ஒரு செங்கல் ஆடுகிறது. தூரத்தில் விசில் சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறாய்?"

கம்ப்யூட்டர் திரையில் இவ்வளவுதான் இருந்தது. படம் இல்லை, பாட்டு இல்லை. கடைசியில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தது.

ஒழுங்கு மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் அடித்தார்: "வீட்டுக்குத் திரும்பிப் போய் அப்பாவிடம் கடிதம் வாங்கி வருகிறேன்."

"பயந்தாங்கொள்ளி. ஆட்டம் முடிந்தது" என்றது கம்ப்யூட்டர்.

பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவர் முகத்துக்கு நேரே அப்படியொரு வார்த்தை சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்பார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"இதை எத்தனை பேர் விளையாடுறாங்க?" என்று பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் டீச்சரைக் கேட்டார்.

"எல்லாரும் சார்."

"எல்லாரும்னா?"

"நானூறு பேரும்." டீச்சர் சற்றுத் தயங்கி, "நானும் ரெண்டு தடவை" என்றார்.

விசில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பக்கம் நிறையப் பொடி எழுத்து வந்தது.

"சார், அந்த முதல் பக்கத்தை மட்டும் ஒரு தடவை..."

"இதையெல்லாம் எவன் படிப்பான்? தாண்டுங்க" என்று தாமே ஒரு விசையைத் தட்டித் தாண்டினார். நூற்று இருபத்தாறு விதிகளைப் பொடி எழுத்தில் அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டு, எவனும் படிப்பதில்லையே என்று பதினெட்டு வருடமாகப் புலம்புகிறவரும் அவர்தான்.

இந்த முறை செங்கல்லை உருவினார். ஓட்டையில் கால் வைத்து உள்ளே குதித்தார். திரையில் விரிந்த பள்ளிக்கூடம் அச்சு அசல் இந்தப் பள்ளிக்கூடம். தரையில் மஞ்சள் கோடு. அதற்கு இடப்பக்கம்தான் நடக்க வேண்டும். ஏழாவது படியை மிதித்தால் கிறீச்சிடும். குழாயைத் திருகினால் முதலில் காற்றுதான் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரே ஆபத்து: "விசில் எங்கும் இருக்கும். எதையும் காதில் வாங்காது. கட்டம் போட்ட தாளை நீட்டும். ஆட்டம் முடிந்தது."

"யாரோ ஒரு பிள்ளை எழுதின வேலை. பள்ளியோட மானத்தை வாங்குறதுக்குன்னே எழுதியிருக்கு. நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார் விசில். கோபமாகத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அந்தக் கிறீச்சிடும் படிக்கு மேலே என்ன இருக்கிறது என்ற யோசனை குறுக்கே வந்ததால் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"நீங்களேவா சார்?"

"வேற யாரு?"

கம்ப்யூட்டர் டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்ல... சரிங்க சார்" என்றார்.

கட்டம் போட்ட தாள் விசிலின் சொந்தக் கண்டுபிடிப்பு. 'விளக்கத் தாள்' என்று பெயர். மாட்டிக்கொண்ட பிள்ளை, தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அதை நிரப்ப வேண்டும். மொத்தம் நான்கு கட்டம். எங்கே இருந்தாய்? எதிரே என்ன இருந்தது? எதை எடுத்தாய்? எந்தப் பக்கம் போனாய்? நான்கும் நிரம்பியிருக்கிறதா என்று விசில் பார்ப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது விதியில் இல்லை. கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழும். அதையும் படிப்பது கிடையாது.

தாள்கள் சேர்ந்து அலமாரி பிதுங்கும்போது பதிவறை அம்மா வந்து அள்ளிக்கொண்டு போவார். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிற சுறுசுறுப்பான மனுஷி. போகும்போது நாலைந்து காகிதங்களை நீட்டுவார். விசில் கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு ஐம்பது கையெழுத்துப் போடுகிறவர் ஐம்பதையும் படித்துக்கொண்டிருந்தால் ஒழுங்கை யார் பார்ப்பது?

அன்று மத்தியானமே தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது; தொட்டால் அழிந்துவிடும் என்று நம்புகிறவர். மேஜைமேல், ஆட்டத்தின் நடுவிலிருந்து யாரோ அச்சடித்துக் கொடுத்த ஒரு பக்கம் கிடந்தது.

"படிக்கிறேன், கேளுங்க. 'நீ தலைமை ஆசிரியை அறையில் நிற்கிறாய். எதிரே ஒரு மீன் தொட்டி. இந்த அறையில் சிரிப்பது மீன் மட்டும்தான்.'" கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "மீன் சிரிக்குமா?"

"சிரிக்காது மேடம்."

"நிர்வாகக் குழுத் தலைவர் வெள்ளிக்கிழமை வர்றார். அவர் காதுக்கும் இது போயிடுச்சு. அதுக்குள்ள எனக்குப் பேரு வேணும். பேரு கிடைச்ச அன்னிக்கே ஆளை வெளிய அனுப்பணும். ஆணை எழுதுங்க."

விசில் எழுதினார்: "இந்த ஆட்டத்துக்குக் காரணமானவர் எவராயினும் உடனடியாகப் பள்ளியை விட்டு நீக்கப்படுவார்." 'எவராயினும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

முதல் வேலையாக முப்பது கம்ப்யூட்டர்களிலிருந்தும் ஆட்டத்தை அழிக்கச் சொன்னார். ஒன்றே ஒன்றை மட்டும் தம் அறையில் வைத்துக்கொண்டார், விசாரணைக்காக.

செவ்வாய்க்கிழமை வராந்தாவுக்கு வந்தவருக்குத் தலை சுற்றியது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்கிறான். எதிரே ஒருத்தி, "முன்னாடி நோட்டீஸ் போர்டு. வலப்பக்கம் மாடிப்படி. என்ன செய்யிறே?" என்கிறாள். "போர்டுக்குப் பின்னால பாக்குறேன்" என்கிறான் அவன். இன்னொரு கூட்டம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. நேற்றுவரை முப்பது கம்ப்யூட்டருக்குள் கிடந்த ஆட்டம் இன்றைக்கு நானூறு வாயில் கிடந்தது.

உடனே விதி நூற்று இருபத்தேழு பிறந்தது: வாயால் விளையாடக் கூடாது. அரைமணி நேரத்தில் எல்லாரும் சைகையால் விளையாடத் தொடங்கினார்கள். விசில் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, ஆட்டத்தில் நூலகம்வரை வந்து விட்ட இடத்தைப் பிடித்தார். விசாரணைக்காகத்தான்.

புதன்கிழமை எலும்புக்கூட்டிடம் மாட்டிக்கொண்டார்.

"நீ லேபில் இருக்கிறாய். எலும்புக்கூடு வழியை மறைத்து நிற்கிறது." தள்ளினார், இழுத்தார், விதி எண் சொல்லி மிரட்டினார். எலும்புக்கூடு அசைந்து கொடுக்கவில்லை. பழைய விளக்கத் தாள்களோடு ஒப்பிட்டால் எழுதியது யார் என்று பிடிபடும் என்று பதிவறைக்குப் போனார். அது பூட்டிக் கிடந்தது. பதிவறை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், திங்கட்கிழமைதான் வருவாராம்.

திரும்பும்போது பெஞ்சில் 'ஜன்னல்' உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வந்தது விதி ஐம்பத்தெட்டினால். வகுப்பு நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது. அவள் தினமும் பார்த்தாள். அதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போய்ப் போய் மாட்டிக்கொண்டிருந்தாள். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை நாற்பத்தோரு தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கடைசி வருடப் பரீட்சை.

விசில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"அந்த ஆட்டத்தை எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும் சார்."

"யாரு?"

"சொல்ல மாட்டோம் சார். எத்தனை தாள் குடுத்தாலும் யாரும் காட்டிக் குடுக்க மாட்டோம்."

"பேரு ஆட்டத்துலயே எங்கயாவது இருக்கா?"

"இருக்கு சார்."

"எங்க?"

"எங்க இருக்கணுமோ அங்கதான்."

கடைசியில் இருக்கும் என்று விசில் முடிவுகட்டினார். ரகசியம் என்றால் கடைசியில்தானே இருக்கும். ஆனால் கடைசிக்குப் போக எலும்புக்கூடு விட வேண்டுமே. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி... அந்த லேப்ல ஒரு எலும்புக்கூடு நகர மாட்டேங்குதே..."

"நீங்களேவா சார் கேக்குறீங்க?"

"விசாரணைக்காக."

"கை குடுங்க சார்."

"எதுக்கு?"

"எனக்கில்ல சார், எலும்புக்கூட்டுக்கு. கை குடுத்தா நகர்ந்துடும்."

விசில் அவள் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு மட்டும்தான்" என்றார்.

இன்னிக்கு மட்டும் என்பதெல்லாம் நானூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எடுபடாது. வியாழக்கிழமை காலையில் பெஞ்சில் இடமில்லாமல் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எல்லாரும் வேண்டுமென்றே மஞ்சள் கோட்டுக்கு வலப்பக்கம் நடந்து மாட்டிக்கொண்டவர்கள்.

"சார், எனக்கு மீன் தொட்டி தெரியும்!"

"சார், ஸ்டாஃப் ரூம் அலமாரி நம்பர் நான் சொல்றேன்!"

"சார், நான் வாய்பாடு ஒப்பிக்கலை. அதுக்கும் தாள் உண்டுதானே?"

விசில் துப்பை வாங்கிக்கொண்டு தாளைக் கிழித்தார். பத்து மணிக்குள் குப்பைக்கூடை நிரம்பிவிட்டது. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அன்று ஒரு தாள்கூட அலமாரிக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு ஆட்டத்தில் பெரிய ஹாலை அடைந்தார். "மேடைக்கு அடியில் ஏதோ பளபளக்கிறது" என்றது திரை. "எடு" என்று அடித்தார். "என்னவென்று தெரியாமல் எப்படி எடுப்பாய்?" என்றது. பேனா, சாவி, கத்தி, கரண்டி என்று முப்பது பொருள் சொல்லிப் பார்த்தார். எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கேட்டால், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அதை மட்டும் நீங்களே பாத்துக்குங்க சார்" என்றார்கள்.

நீங்களே பாருங்கள் என்றால் என்ன அர்த்தம்? விசில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே எழுந்து ஹாலுக்குப் போனார். யாரும் இல்லை. மேடையின் பக்கவாட்டுப் பலகையை நகர்த்தி, ஐம்பத்து நாலு வயது உடம்பை உள்ளே திணித்தார். தூசி, உடைந்த நாற்காலிக் கால், ஒற்றை ஷூ. தவழ்ந்து தவழ்ந்து கோடிக்குப் போனபோது, பலகை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சத்தில் நிஜமாகவே ஏதோ பளபளத்தது.

ஒரு விசில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொலைந்துபோன அவருடைய முதல் விசில். அதைத் தேடி அந்த வருடம் பள்ளிக்கூடத்தையே தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டையில் ஜெயித்தவர் போல அதைச் சட்டையில் துடைத்து, வாயில் வைத்து, மூச்சைப் பிடித்து ஊதினார்.

அவர் உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தபோது மேடைக்கு மேலே தலைமை ஆசிரியை வந்து, எல்லா ஆசிரியர்களையும் எதிரே உட்கார வைத்து, நாளைய வரவேற்புரையை ஒத்திகை பார்க்கத் தொடங்கியிருந்தார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. "ஒழுங்கு என்பது நம் பள்ளியின் அஸ்திவாரம்" என்று அவர் காலால் மேடையைத் தட்டிய அதே நொடியில் அஸ்திவாரம் விசிலடித்தது.

கால் மணி கழித்து விசில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் ஒட்டடை. மடியில் விளக்கத் தாள்.

"நிரப்புங்க" என்றார் தலைமை ஆசிரியை.

எங்கே இருந்தாய்? மேடைக்கு அடியில். எதிரே என்ன இருந்தது? இருட்டு. எதை எடுத்தாய்? விசில். எந்தப் பக்கம் போனாய்? எந்தப் பக்கமும் போக முடியவில்லை, இழுத்து எடுத்தார்கள். நான்கும் நிரம்பிவிட்டது. ஆனால் படித்துப் பார்த்தால், புத்தி பேதலித்தவன் செய்த வேலை மாதிரி இருந்தது. நடந்தது அப்படியல்லவே என்று விசிலுக்குத் துடித்தது. எழுத இடமில்லாமல் ஓரத்தில் பொடியாக இரண்டு வரி எழுதினார்.

தலைமை ஆசிரியை தாளை வாங்கி, அந்த இரண்டு வரிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். "கட்டத்துக்கு வெளிய எழுதக் கூடாது. உங்க விதிதான்."

பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "நாப்பத்தோரு தாள் வாங்கின ஒரு பொண்ணு. நேத்து அவ தாளை நீங்களே கிழிச்சிருக்கீங்க. அவகூட அரைமணி நேரம் ரகசியம் பேசியிருக்கீங்க. யாருன்னு தெரிஞ்சு போச்சு, சொல்ல மனசு வரலை. அப்படித்தானே?"

"இல்ல மேடம், அது வந்து..."

"நீங்க மறைக்கிறதே எனக்குச் சாட்சி. நீக்கக் கடிதம் தயார் பண்றேன். நாளைக்குத் தலைவர் முன்னால கையெழுத்துப் போடுங்க."

அந்தப் பெண் எழுதியிருப்பாள் என்று விசிலுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது உண்மைதான். ஆனால் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெளியே தள்ளினால் அவள் எங்கே போவாள்? வேறு யாராவது எழுதியிருந்தால் அந்தப் பெயரை நாளைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அறைக்கு ஓடிப்போய் "விசிலை எடு" என்று அடித்தார். வழி சரசரவென்று திறந்து மொட்டை மாடிப் படிக்கட்டில் கொண்டுபோய் விட்டது.

"மாடிக் கதவு. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. ஆனாலும் மூடியிருக்கிறது. என்ன செய்கிறாய்?"

தள்ளினார். உதைத்தார். விசில் ஊதினார். தயவுசெய்து திற என்றுகூட அடித்துப் பார்த்தார். "கதவு உன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது" என்றது கம்ப்யூட்டர். ஐந்து மணிக்குக் காவலாளி வந்து விளக்கை அணைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை முன்னால் கதவையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வேலையிலிருந்து வர ஒரு மணி நேரம் தாமதம்.

"எங்க இருந்தே?" என்றார் விசில், தலை நிமிராமல்.

"கடைத்தெருவுல."

"கையில என்ன?"

"செருப்பு."

"எந்தப் பக்கமா வந்தே?"

"பாலத்துப் பக்கமா."

விசில் தலையாட்டிவிட்டு மறுபடி யோசனையில் இறங்கினார். மனைவி நகரவில்லை.

"அவ்வளவுதானா?"

"என்ன அவ்வளவுதானா?"

"ஒத்தைச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வந்து நிக்கிறேன். எங்க, என்ன, எந்தப் பக்கம்னு கேட்டீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

விசில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"ஏன்னு கேட்டீங்களான்னேன்!"

"அதுதான்! அதேதான்!" என்று கூவிக்கொண்டு அறைக்குள் நடந்தார். அப்போதும் செருப்பு ஏன் அறுந்தது என்று அவர் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஆட்டத்தில் அந்த மாடிக் கதவின் முன்னால் நின்று, ஒற்றை விரலால் அடித்தார்: "ஏன்?"

"இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாய்" என்றது கம்ப்யூட்டர். கதவு திறந்தது.

மாடியில் புதையல் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. வரி வரியாகக் காரணங்கள் இருந்தன.

"மாடிக்கு ஏன் போனேன்னா, போகக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

"பந்து மேல போயிடுச்சு. பந்து என்னோடது இல்ல, அதான் பயம்."

"அழணும்போல இருந்துச்சு. பாத்ரூம்ல எப்பவும் கூட்டம்."

"மேல இருந்து பாத்தா விசில் சார் எவ்வளவு சின்னதா தெரியறாருன்னு பாக்க."

"சார் விசிலை மேடைக்கு அடியில போட்டது நான்தான். அன்னிக்கு ஒரு நாள் சத்தம் இல்லாம இருக்கட்டுமேன்னு."

விசில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எந்தெந்த வருடத்துப் பிள்ளைகளோ. பழைய மாணவர்களை எல்லாம் ஜன்னல் தேடிப் பிடித்துக் கேட்டுச் சேர்த்திருக்கிறாள் போலிருக்கிறது, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். கீழே, கடைசி வரிக்கு வந்தார்.

"அம்மா ராத்திரி வேலை முடிஞ்சு எட்டு மணி பஸ்ல வருவா. அவ இறங்கிட்டாளான்னு பாத்துட்டு வகுப்புக்குப் போவேன். மாடியைப் பூட்டினதுக்கு அப்புறம் ஜன்னல்ல இருந்து பாக்குறேன். பாதி பஸ்தான் தெரியுது."

விசில் எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கிறீச்சிடும் ஏழாவது படியை மிதித்து, நிஜ மொட்டை மாடிக்குப் போனார். எட்டு மணிக்குத் தெருமுனையில் பஸ் வந்து நின்றது. முழு பஸ்ஸும் தெரிந்தது. கையில் பையோடு ஒரு பெண் இறங்கி, தூக்கக் கலக்கத்தில் தள்ளாடி, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள். நாற்பத்தோரு தாள் கொடுத்திருக்கிறோமே என்று விசிலுக்கு வெட்கமாக இருந்தது. மாடிக் கதவைப் பூட்டாமலே இறங்கி வந்தார்.

பத்து மணிக்கு நிர்வாகக் குழுத் தலைவர் தலைமை ஆசிரியையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, சிரிப்பு இல்லாத முகம். மூலையில் விசாரணைக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் ஜன்னல்.

"காரணமானவர் பேரு இந்தக் கடிதத்துல இருக்கு சார்" என்றார் தலைமை ஆசிரியை. "ஒழுங்கு மாஸ்டர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

பேனாவை நீட்டினார். விசில் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் செய்த காரியம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை நடக்காதது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளைப் படித்தார், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை.

"இந்தப் பேரு தப்பு மேடம்" என்றார்.

"அப்ப யாரு?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.

"நான்தான் சார். அந்த ஆட்டத்துக்குக் காரணம் நான்தான்."

தலைமை ஆசிரியை மெதுவாக உட்கார்ந்தார்; நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. நல்லவேளையாக இருந்தது.

"நீங்களா?" என்றார் தலைவர். ஆணையை எடுத்து, இரண்டு கோடு போட்ட 'எவராயினும்' மேல் விரலை வைத்தார். "இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம் சார்."

"கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க பேசணும்." விசில் கதவைத் தாண்டும்போது தலைவர் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம். இங்க படிக்கிற என் பேத்தி வீட்டுல ஒரு காப்பி வச்சு விளையாடுறா. நானும்தான்... அந்த மாடிக் கதவு மூணு நாளா திறக்கவே மாட்டேங்குது."

"ஏன்னு கேளுங்க சார்" என்றார் விசில்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே யாரோ விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "மேடம், மேடம், இங்க வந்து பாருங்க!" என்ற தலைவரின் குரல். வேலை போகுமா, இருக்குமா, தெரியவில்லை. ஆனால் மனசு லேசாக இருந்தது.

பக்கத்தில் ஜன்னல் கண் கலங்கி, கோபத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைக் காப்பாத்தத்தான்" என்றார் விசில், இத்தனை நாளில் இல்லாத கனிவோடு. "பொய்தான், பரவாயில்லை. ரொம்ப நல்லா எழுதியிருக்கே. போய்ப் பரீட்சைக்குப் படி. நாளையிலேர்ந்து பஸ்ஸை மாடியில நின்னே பாரு."

"நான் எழுதினேனா?" அவள் வாயைப் பிளந்தாள். "முதல் பக்கத்தைப் படிக்காமலேயா சார் இத்தனை நாள் விளையாடினீங்க? 'ஒழுங்கு ஆசிரியரின் ஆணைப்படி, விளக்கத் தாள்களில் கட்டத்திலும் ஓரத்திலும் உள்ளபடியே பதிவறையில் தொகுத்தது'ன்னு உங்க கையெழுத்தோட போட்டிருக்கே! உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதானே சார் நாங்க நானூறு பேரும் ஒரு வாரமா வாயைத் திறக்கலை!"